சுடாத டிரம்தான் குற்றவாளி

படப்பையில் மலை கிடையாது. கணவாய், கொண்டை ஊசி வளைவு எதுவும் கிடையாது. வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகிற சாலை மண்ணிவாக்கம், கரசங்கால், படப்பை என்று ஏரிகளுக்கும் வயல்களுக்கும் நடுவே, இப்போது பெரும்பாலும் அடுக்குமாடிகளுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் நடுவே, தட்டையாகப் போகிறது. பக்கத்து மணிமங்கலத்தில் பல்லவ நரசிம்மவர்மன் சாளுக்கியப் புலிகேசியைத் தோற்கடித்ததாகச் செப்பேடு சொல்கிறது. ஏழாம் நூற்றாண்டு. யானையும் தேரும் முட்டிக்கொள்ள வசதியான சமதளம் போலிருக்கிறது!

இப்படிப்பட்ட ஊரில் நின்றுகொண்டு பிரேக் பற்றிப் பேசுவானேன்?

காரணம், அடுத்த ஊர் ஒரகடம். கார், லாரி, மோட்டார் சைக்கிள், டயர் என்று சக்கரம் சம்பந்தப்பட்ட அத்தனையும் அங்கே உற்பத்தியாகிறது. டெய்ம்லர் லாரித் தொழிற்சாலை 2012-ல் அங்கே திறக்கப்பட்டது. இரும்புச் சுருள், கண்டெய்னர், இயந்திரம் என்று உள்ளே போவதும் வெளியே வருவதும் பெரும்பாலும் நீளமான டிரெய்லர்களில்தான். அவற்றில் கணிசமானவை படப்பை கடைத்தெருவை உரசிக்கொண்டுதான் வண்டலூர் பக்கம் வந்து, வெளிவட்டச் சாலையைப் பிடித்து, மீஞ்சூர் வழியாகத் துறைமுகங்களுக்குப் போகின்றன. பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் அந்தச் சாலையைக் கடக்க நின்றவர்களுக்குத் தெரியும், டிரெய்லர் பிரேக் என்பது டிரைவரின் சொந்தப் பிரச்னை மட்டுமல்ல என்று.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. பி.காம். படித்தவனுக்கு இயற்பியலும் பற்று-வரவாகத்தான் புரியும். மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஓடுகிற வண்டியில் இருக்கும் சக்தி, நிறுத்தும்போது எங்கேயும் மாயமாவதில்லை. பிரேக் அதைச் சூடாக மாற்றிச் செலவு எழுதுகிறது. அவ்வளவுதான் பிரேக்கின் வேலை. ஒரு டன் எடையுள்ள கார் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வந்து நின்றால், அந்தச் சூட்டில் சுமார் அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கும் நிலைக்குக் கொண்டுவரலாம். இரண்டு டம்ளர் காபிக்கு ஆச்சு. அதே வேகத்தில் 55 டன் டிரெய்லர் வந்து நின்றால்? 26 லிட்டர். இதுவும் பரவாயில்லை. ஆனால் அதே டிரெய்லர், நூறு மீட்டர் உயரமுள்ள ஒரு சரிவில் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் 180 லிட்டருக்கு மேல்! கல்யாண வீட்டு அண்டாவே கொதித்துவிடும். அத்தனை சூட்டையும் வாங்கிக்கொள்ள இருப்பவை, சக்கரங்களுக்குள் இருக்கும் சில வார்ப்பிரும்பு டிரம்கள்.

வேகம் இரட்டித்தால் சூடு இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்கு. இது இன்னொரு கொடுமை.

இந்தப் பிரச்னையை முதலில் சந்தித்தது லாரி அல்ல, ரயில். கனமான ஒன்றைப் பின்னால் கட்டி இழுக்கும் விஷயத்தில் லாரிக்காரர்களுக்கு ரயில்காரர்கள்தான் முன்னோர்கள். 19-ம் நூற்றாண்டின் மத்தியில் அமெரிக்காவில் ரயிலை எப்படி நிறுத்தினார்கள் தெரியுமா? என்ஜின் விசில் கொடுக்கும். பெட்டிகளின் கூரை மேல் நிற்கிற பிரேக்மேன்கள், ஓடுகிற ரயிலில் ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்குத் தாவித் தாவி, ஒவ்வொரு பெட்டியாகக் கைச்சக்கரத்தைச் சுழற்றி இறுக்குவார்கள். மழையிலும் பனியிலும்கூட. கால் வழுக்கினால் ஆள் காலி.

ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ஆல்ப்ஸ் மலையில் சுரங்கம் குடைய அழுத்தக் காற்றைக் குழாய் வழியே நெடுந்தூரம் கொண்டுபோகிறார்கள் என்று ஒரு பத்திரிகையில் படித்தார். மலையைக் குடைகிற காற்று ரயிலை நிறுத்தாதா? 1869-ல் காப்புரிமை வாங்கினார். ரயில்வே கோடீஸ்வரர் வாண்டர்பில்ட், 'காற்றைக் கொண்டு ரயிலை நிறுத்துவதா, கிறுக்கர்களோடு பேச எனக்கு நேரமில்லை' என்கிற மாதிரி அவரை விரட்டியதாக ஒரு கதை உண்டு. நிஜமோ, பின்னால் கட்டியதோ, கதை நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் வெஸ்டிங்ஹவுஸின் முதல் பிரேக்கில் ஒரு பெரிய ஓட்டை. டிரைவர் காற்றை அனுப்பினால் பிரேக் பிடிக்கும். சரி. வழியில் குழாய் அறுந்துவிட்டால்? காற்று வராது. பிரேக்கும் பிடிக்காது. அதாவது, எந்த நேரத்தில் பிரேக் மிக அவசியமோ, அதே நேரத்தில் கைவிட்டுவிடும்.

1872-ல் அவரே இதைத் தலைகீழாக்கினார். ஒவ்வொரு பெட்டிக்கும் தனியாக ஒரு காற்றுத் தொட்டி. குழாயில் எப்போதும் அழுத்தம் இருக்கும். அழுத்தம் இருக்கிறவரை பிரேக் விட்டிருக்கும். அழுத்தம் குறைந்தால், டிரைவர் குறைத்தாலும் சரி, குழாய் தானாக அறுந்தாலும் சரி, பெட்டியிலுள்ள தொட்டியின் காற்று பாய்ந்து பிரேக் கவ்வும். கோளாறு என்றால் வண்டி ஓடாது, நிற்கும். என்னைக் கேட்டால், மின்விளக்கைவிடப் பெரிய கண்டுபிடிப்பு இது. விளக்கு அணைந்தால் இருட்டுதான். இது அப்படியா?

எல்லோரும் உடனே இதை வாங்கி மாட்டினார்களா? இல்லை. கம்பெனிகளுக்குச் செலவு. பலர் மலிவான பழைய முறையிலேயே ஓட்டினார்கள். அதன் விலை தெரிய 17 வருடங்கள் ஆயின.

1889, ஜூன் 12. அயர்லாந்தில் அர்மா என்ற ஊர். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளையும் பெற்றோர்களையும் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுலா ரயில் கடற்கரைக்குக் கிளம்பியது. பதினைந்து பெட்டி. கூட்டம் வழிந்தது. என்ஜினுக்கு அது தாங்காத சுமை. ஊரைத் தாண்டியதும் ஏற்றம். உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் மூச்சு வாங்கி நின்றுவிட்டது.

சிப்பந்திகள் ஒரு யோசனை செய்தார்கள். ரயிலை இரண்டாகப் பிரிப்போம். முன்னால் உள்ள ஐந்து பெட்டிகளை முதலில் மேலே கொண்டுபோய் விட்டுவிட்டு, திரும்பி வந்து மற்றதை இழுத்துக்கொள்ளலாம். பிரித்தார்கள். அந்த ரயிலில் இருந்தது வெற்றிட பிரேக். அதிலும் 'தானாகப் பிடிக்காத' ரகம். என்ஜினோடு தொடர்பு இருந்தால்தான் பிடிக்கும். இணைப்பைக் கழற்றிய கணமே பின்னால் இருந்த பத்துப் பெட்டிகளின் பிரேக்கும் விட்டுவிட்டது. அவற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது கடைசியில் இருந்த ஒரு கைப்பிரேக்கும், சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கொடுத்த சில கற்களும்தான்.

என்ஜின் கிளம்பும்போது ஒரு நூல் பின்வாங்கியது. லேசான இடி. கற்கள் நொறுங்கின. பத்துப் பெட்டிகள் குழந்தைகளோடு சரிவில் பின்னோக்கி ஓட ஆரம்பித்தன. கீழே இருந்து அடுத்த ரயில் மேலேறி வந்துகொண்டிருந்தது.

செத்தவர்கள் சுமார் 80 பேர். நிறையப் பேர் குழந்தைகள். தானாகப் பிடிக்கும் பிரேக் வேண்டும் என்று வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்த அதிகாரிகளுக்கு இழுத்தடித்தே பதில் சொன்ன பிரிட்டிஷ் நாடாளுமன்றம், மூன்று மாதத்துக்குள் சட்டம் போட்டது. பயணிகள் ரயில் அனைத்திலும் தானியங்கி பிரேக் கட்டாயம். அமெரிக்கா 1893-ல் தன் பங்குக்கு ஒரு சட்டம் கொண்டுவந்தது.

சரி, படப்பைக்குத் திரும்புவோம். இந்த ஐரிஷ் ரயிலுக்கும் ஒரகடத்து டிரெய்லருக்கும் என்ன சம்பந்தம்?

அடுத்த முறை சிக்னலில் ஒரு டிரெய்லர் நின்றால், டிரைவர் கேபினுக்குப் பின்புறம் பாருங்கள். முன்வண்டியிலிருந்து பின்னால் இருக்கும் டிரெய்லருக்குச் சுருள் சுருளாகக் குழாய்கள் போகும். பொதுவாக ஒன்று சிவப்பு, ஒன்று மஞ்சள் அல்லது நீலம். சிவப்பில் எப்போதும் காற்று இருக்கும். டிரெய்லரின் சொந்தத் தொட்டியை நிரப்புவது அதுதான். இன்னொன்று, டிரைவர் பெடலை மிதிக்கும்போது 'பிடி' என்று உத்தரவு கொண்டுபோவது. சிவப்புக் குழாய் அறுந்தால் டிரெய்லர் பிரேக் தானாக இறுகும். அர்மாவில் இல்லாமல்போனது இதுதான். 1872-ம் வருடத்து யோசனை சிவப்புக் குழாயாக நம் கண்ணெதிரே தொங்கிக்கொண்டிருக்கிறது.

20-ம் நூற்றாண்டின் மத்தியில் இன்னொரு காவலும் சேர்ந்தது: ஸ்பிரிங் பிரேக். சக்கரத்துக்குப் பக்கத்தில் சட்டி மாதிரி இருக்கும் சேம்பருக்குள் ஒரு முரட்டு ஸ்பிரிங். காற்று அதை அமுக்கி வைத்திருக்கும். காற்று போனால் ஸ்பிரிங் விரிந்து பிரேக்கை இறுக்கும். (அந்தச் சேம்பரை அவசரக்காரர் யாராவது ஸ்பானர் போட்டுத் திறந்தால், உள்ளே இருக்கும் ஸ்பிரிங் பீரங்கிக் குண்டு மாதிரி வெளியே பாயும். உயிர் போன சம்பவங்கள் உலகம் முழுக்க உண்டு. பட்டறைகளில் இதை முதல் பாடமாகச் சொல்வார்கள்.)

இந்தியாவில் காற்று பிரேக்கின் வரலாறு என்றால், சென்னைக்காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். 1948-ல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ். 1955-ல் அது அசோக் லேலண்ட் ஆனது. லாரி இங்கே உருவானது. பிரேக்? 1962-ல் பாடியில் டி.வி.எஸ். குழுமம் இரண்டு பிரிட்டிஷ் கம்பெனிகளோடு கைகோத்தது. ஒன்று பிரேக்ஸ் இந்தியா. இன்னொன்று கிளேட்டன் டிவாண்டரோடு சேர்ந்து உருவான சுந்தரம் கிளேட்டன். லாரி, பஸ்களுக்கான காற்று பிரேக் அதன் வேலை. தரத்துக்காக ஜப்பானியர்கள் தரும் டெமிங் பரிசை 1998-ல் வாங்கியது.

பல கைமாறல்களுக்குப் பிறகு அந்த பிரேக் தொழில் 'வாப்கோ' என்ற பெயருக்கு வந்து சேர்ந்தது. வாப்கோ என்றால் என்ன? வெஸ்டிங்ஹவுஸ் ஏர் பிரேக் கம்பெனி என்பதன் முதலெழுத்துகள்! 22 வயசுப் பையன் 1869-ல் ஆரம்பித்த அதே கம்பெனியின் வாரிசு. 2020-ல் அதை ஜெர்மனியின் இசட்.எஃப். வாங்கியது, 2022-ல் இந்தியக் கம்பெனியின் பெயரும் மாறிவிட்டது. பழைய பெயர் பொறித்த வால்வுகள் பட்டறை அலமாரிகளில் இன்னும் நிறையக் கிடக்கும்.

இத்தனை காவல் இருக்கிறதே, பிறகு ஏன் 'பிரேக் பிடிக்காமல் தறிகெட்டு ஓடிய லாரி' என்ற செய்தி மாதத்துக்கு நாலு வருகிறது?

இங்கேதான் விஷயம் இருக்கிறது. வெஸ்டிங்ஹவுஸ் தீர்த்துவைத்தது காற்று போய்விடும் ஆபத்தை. ஆனால் சுமை லாரியில் பெரும்பாலும் காற்று போவதில்லை. காற்று கம்மென்று இருக்கும்போதே பிரேக் போய்விடுகிறது.

உங்கள் காரை எடுத்துக்கொள்ளுங்கள். பிரேக் எண்ணெய் குறைந்தால் பெடல் 'தொள தொள' என்று உள்ளே போகும். காலுக்குத் தகவல் வந்துவிடும். காற்று பிரேக்கில் அப்படியில்லை. பெடல் என்பது வெறும் காற்றுக் குழாய்க்கு ஒரு திருகு. பின்னால் சக்கரத்தில் லைனிங் தேய்ந்து கிடந்தாலும், ஒரு பக்கம் பிரேக் பிடிக்கவே இல்லையென்றாலும், காலுக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். மீட்டர் முள் எட்டு கிலோ காட்டிக்கொண்டு நிம்மதியாக நிற்கும். முள் சொல்வது தொட்டியில் காற்று இருக்கிறது என்பதை. சக்கரத்தில் பிரேக் இருக்கிறதா என்று அது ஒருபோதும் சொல்லாது. வங்கிக் கணக்கில் பணம் இருக்கிறது, காசோலைப் புத்தகம்தான் தொலைந்துவிட்டது என்கிற மாதிரி.

சக்கரத்தில் நடப்பது இதுதான். காற்று சேம்பருக்குள் போய் ஒரு தண்டைத் தள்ளும். தண்டு ஒரு நெம்புகோலைத் தள்ளும். நெம்புகோல் ஒரு அச்சைத் திருப்ப, லைனிங் விரிந்து டிரம்மின் உட்புறத்தை அமுக்கும். அந்த நெம்புகோலுக்கு ஸ்லாக் அட்ஜஸ்டர் என்று பெயர். பரவலாகப் புழங்கும் 30-ம் எண் சேம்பரில் தண்டு மொத்தமே இரண்டரை அங்குலம்தான் நீளும். லைனிங் தேயத் தேய, தொடுவதற்கே தண்டு அதிகம் நீள வேண்டியிருக்கும். இரண்டு அங்குலம் தாண்டினாலே பிடி வேகமாகக் குறைய ஆரம்பிக்கிறது. முழு நீளமும் தீர்ந்தால் தண்டு சேம்பரின் அடியில் முட்டி நிற்கும். எவ்வளவு காற்றைக் கொட்டினாலும் லைனிங் டிரம்மை அமுக்காது.

இப்போது சூட்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். டிரம் இரும்பு. சூடானால் விரியும். விரிந்தால் லைனிங்கை விட்டு விலகும். தண்டு இன்னும் நீள வேண்டும். ஏற்கெனவே ஓரத்தில் நிற்கும் தண்டுக்கு நீள இடம் ஏது? போதாக்குறைக்கு, சூடு ஏறிய லைனிங் வழுவழுப்பாகிப் பிடிப்பை இழக்கும். ஆறியிருக்கும்போது ஊருக்குள் ஒழுங்காகப் பிடித்த அதே பிரேக், சூட்டில் ஏமாற்றிவிடுகிறது. ஒழுகும் குழாயை யாரும் கண்டுபிடித்துவிடலாம். இந்த ஏமாற்று வேலையைக் கண்டுபிடிப்பதில்தான் மெக்கானிக்கின் திறமை இருக்கிறது.

ஒரகடம் சாலைப் பட்டறைகளிலும், நாமக்கல், சங்ககிரி போன்ற லாரித் தலைநகரங்களிலும் இதற்கு ஒரு பழைய வைத்தியர் முறை உண்டு. நாடி பார்ப்பது! வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டி, நாலைந்து தடவை சாதாரணமாக பிரேக் போட்டு நிறுத்தச் சொல்வார்கள். பிறகு இறங்கி ஒவ்வொரு சக்கரமாக டிரம் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோவார்கள். (தொட மாட்டார்கள். தொட்டால் தோல் போய்விடும்.) இப்போது சிலர் துப்பாக்கி மாதிரி ஒரு வெப்பமானி வைத்திருக்கிறார்கள். தொடாமலே சூட்டைச் சொல்லிவிடும்.

பத்து டிரம்மில் ஒன்பது சுடுகிறது, ஒன்று ஆறிக் கிடக்கிறது. எதைச் சந்தேகப்படுவீர்கள்? விவரம் தெரியாதவர்கள் அதிகம் சுடுவதைக் காட்டுவார்கள். ஆனால் பெரும்பாலும் குற்றவாளி ஆறிக் கிடப்பதுதான். அது வேலையே செய்யவில்லை. அதன் பங்கையும் சேர்த்துச் செய்வதால்தான் மற்றவை கொதிக்கின்றன. எந்த ஆபீஸிலும் நடப்பதுதானே!

ஒரு விதிவிலக்கு உண்டு. பிரேக்கே போடாமல் ஓட்டிவந்த பிறகும் ஒரு சக்கரம் சுட்டால், அது உழைப்பாளி அல்ல. விட வேண்டிய பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. இழுப்பு ஸ்பிரிங் உடைந்திருக்கலாம், அச்சுப் புஷ் துருப்பிடித்திருக்கலாம், ஸ்பிரிங் சேம்பரில் காற்றுக் கசிந்து ஸ்பிரிங் பாதி விரிந்திருக்கலாம். இரண்டு சூட்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதி டாக்டர்.

அடுத்து, முன்வண்டியா பின்வண்டியா என்ற கேள்வி. டிரெய்லர் கோளாறில் தலைவலியே இதுதான். ஒரே டிரெய்லரை வாரத்துக்கு ஒரு முன்வண்டி இழுக்கும். ஒரே முன்வண்டி மாதத்துக்கு நாலு டிரெய்லர் மாற்றும். இருவரும் மற்றவர் மேல் பழி போடுவார்கள். நல்ல மெக்கானிக் முதலில் டிரெய்லரைக் கழற்றிவிடுவார். முன்வண்டி மட்டும் காற்றை முழுக்க ஏற்றி, என்ஜினை நிறுத்தி, முள்ளைப் பார்ப்பார். முள் அசையவில்லையா? முன்வண்டி சுத்தம். டிரெய்லரை மாட்டியதும் முள் இறங்குகிறதா? ஓட்டை பின்னால். பிறகு சோப்புத் தண்ணீரை இணைப்புகளில் தடவினால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும். பெடலை மிதிக்கும்போது மட்டும் இறங்கினால், சேம்பரின் ரப்பர் கிழிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

காற்றுத் தொட்டியின் அடிக் குழாயைத் திறந்துவிடுவது இன்னொரு எளிய சோதனை. தண்ணீர் வந்தால், சென்னைக் காற்றின் ஈரம் உள்ளே தங்கி வால்வுகளைத் துருப்பிடிக்க வைக்கிறது, காற்றை உலர்த்தும் பகுதி வேலை செய்யவில்லை என்று அர்த்தம். கறுப்பு எண்ணெய் வந்தால் கம்ப்ரசர் தேய்ந்துவிட்டது.

டிரைவர் சொல்லும் ஒரே வாக்கியத்தில் பாதி நோய் தெரிந்துவிடும். பிரேக் போட்டதும் பின்னாலிருந்து யாரோ தள்ளுவது போல இருக்கிறது என்றால், டிரெய்லர் பிரேக் தாமதமாகவோ குறைவாகவோ பிடிக்கிறது. டிரெய்லரின் கடைசி அச்சுக்குக் காற்று உத்தரவு போய்ச்சேர அரை விநாடி பிந்தினாலே, 60 கிலோமீட்டர் வேகத்தில் எட்டு மீட்டர் போய்விடும். அதுவரை மொத்தச் சுமையையும் முன்வண்டி தனியாகப் பிடிக்க வேண்டும். ஈரச் சாலையில் அதன் பின்சக்கரம் இறுகி வழுக்கினால், டிரெய்லர் தள்ளிய தள்ளில் பேனாக்கத்தி மடிவது போல முன்வண்டி மடிந்து பக்கவாட்டில் திரும்பிவிடும். மாறாக, டிரெய்லர் சக்கரம் இறுகி வழுக்கினால் வால் மட்டும் வீசும். பக்கத்துத் தடத்தில் போகிற ஸ்கூட்டர்காரர் பாடு திண்டாட்டம். இதற்காகத்தான் சக்கரம் இறுகிப்போகாமல் விட்டுவிட்டுப் பிடிக்கும் ஏ.பி.எஸ். 2015-ல் இந்தியக் கனரக வாகனங்களுக்குக் கட்டாயமானது. ஒன்று கவனியுங்கள்: ஏ.பி.எஸ். வழுக்கலைத் தடுக்கும். தண்டு நீண்டுபோன பிரேக்குக்கு அதனால் பலம் தர முடியாது.

தண்டு நீளத்தைப் பற்றி இன்னொரு உள்ரகசியம். இப்போதைய ஸ்லாக் அட்ஜஸ்டர்கள் தேய்மானத்துக்கு ஏற்பத் தங்களைத் தாங்களே சரிசெய்துகொள்ளும் ரகம். அப்படியும் தண்டு அதிகம் நீள்கிறது என்றால், எங்கோ வேறு கோளாறு இருக்கிறது. அச்சுப் புஷ் தேய்ந்திருக்கும், அல்லது அட்ஜஸ்டரே செத்திருக்கும். அவசரப் பட்டறைகளில் ஸ்பானரால் ஒரு திருகு திருகி, 'சரியாப் போச்சு, கிளம்புங்க' என்று அனுப்பிவிடுவார்கள். அன்றைக்குச் சரிதான். ஜுரத்துக்கு மாத்திரை போட்டாயிற்று, டைபாய்டு உள்ளேயே இருக்கிறது.

சரி, எஃப்.சி. காட்டுகிறார்களே, அங்கே தெரியாதா? தெரியலாம். ஆனால் எஃப்.சி.க்குப் போகிற வண்டி காலியாகப் போகும். டிரம் ஆறியிருக்கும். சுமையும் சூடும் சேர்ந்தால் மட்டும் தலைகாட்டும் வியாதியை, இரண்டும் இல்லாத நாளில் எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரகடத்தில் மத்திய அரசின் வாகன ஆராய்ச்சி மையம் இருக்கிறது. புதிய மாடல்களை அங்கே விதவிதமாகச் சோதிக்கிறார்கள். பழைய டிரெய்லருக்கு அந்தப் பாக்கியம் ஏது?

சுமையின் வரலாறும் சுவாரஸ்யமானது. அதிகச் சுமை ஏற்றிய லாரிகளிடம் கட்டணம் வாங்கிக்கொண்டு அப்படியே போகவிடும் வழக்கம் பல மாநிலங்களில் இருந்தது. ஒருவகை ஆசீர்வாத வரி! 2005 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது: கூடுதல் சுமையை இறக்கிய பிறகுதான் வண்டி நகர வேண்டும். 2018 ஜூலையில் மத்திய அரசே அனுமதிக்கப்பட்ட சுமையை 20 முதல் 25 சதவீதம் வரை உயர்த்தியது. டிரெய்லரின் உச்சவரம்பு 49 டன்னிலிருந்து 55 ஆனது. பழைய லாரிகளுக்கும் இது பொருந்துமா என்று பெரிய சர்ச்சை. 2019-ல் அபராதத்தை 20,000 ரூபாய், அதற்கு மேல் டன்னுக்கு 2,000 என்று ஏற்றினார்கள். இதில் எந்த அறிவிப்பும் டிரம்மின் காதில் விழவில்லை. அதற்குத் தெரிந்தது ஒரே கணக்குதான். கூடுதல் எடை, கூடுதல் சூடு.

அந்தக் கணக்கு தீர்க்கப்படும் இடம் தமிழ்நாட்டில் தொப்பூர். தருமபுரிக்கும் சேலத்துக்கும் நடுவே, பெங்களூரு நெடுஞ்சாலையில் வளைந்து இறங்கும் கணவாய். 2020 டிசம்பரில் சிமென்ட் ஏற்றிய லாரி ஒன்று கட்டுப்பாடு இழந்து ஒரு டஜனுக்கும் மேற்பட்ட வாகனங்கள் மேல் மோதியது. நான்கு பேர் இறந்தார்கள். 2024 ஜனவரியில் அங்கே நடந்த இன்னொரு லாரி விபத்தில் மறுபடி நான்கு பேர்.

அந்தச் சரிவில் டீசல் மிச்சம் பிடிக்க கியரை நியூட்ரலில் போட்டு இறங்கும் டிரைவர்கள் உண்டு. தாழ்ந்த கியரில் இறங்கினால் என்ஜினே வண்டியைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கும். சூட்டின் ஒரு பகுதி ரேடியேட்டர், சைலன்ஸர் வழியாகப் போய்விடும். நியூட்ரலில் போட்டால் அத்தனையும் டிரம் தலையில். ஒரு லிட்டர்கூடத் தேறாத டீசலுக்காக 180 லிட்டர் அண்டாவைக் கொதிக்கவிடுவது. டிரைவரை மட்டும் திட்டிப் பிரயோஜனமில்லை. எந்த ஊரில் இத்தனை லிட்டரில் இத்தனை கிலோமீட்டர் என்று முதலாளி கணக்குக் கேட்கிறாரோ, அங்கே நியூட்ரலும் இருக்கத்தான் செய்யும். முன்பு கிளீனர் என்று ஒரு பையன் இருப்பான். டீ குடிக்க நிறுத்தும் இடத்தில் அவன் சக்கரம் சக்கரமாகத் தட்டிப் பார்த்து, புகைச்சல் வாசனை பிடித்து, 'அண்ணே, இடது பின் சக்கரம் சூடா இருக்கு' என்பான். செலவு மிச்சம் என்று இப்போது பல வண்டிகளில் அவனும் இல்லை.

விபத்துக்குப் பிறகு ஒன்று நடக்கும். டிரைவர், 'பிரேக் பிடிக்கலை சார்' என்பார். மறுநாளோ அதற்கடுத்த நாளோ மோட்டார் வாகன ஆய்வாளர் வந்து வண்டியைச் சோதிப்பார். காற்று ஏற்றி பெடலை மிதித்தால், நொறுங்காமல் மிஞ்சிய சக்கரங்களில் பிரேக் ஜோராகப் பிடிக்கும்! ஏனென்றால் டிரம் ஆறிச் சுருங்கி, லைனிங்குக்குப் பக்கத்தில் திரும்பி வந்திருக்கும். டிரைவர் பொய் சொல்கிறார் என்று தோன்றும். அவர் சொன்னது அந்தச் சரிவில் நூற்றுக்கு நூறு நிஜமாக இருந்திருக்கலாம்.

அனுபவமுள்ள ஆய்வாளர் பெடலோடு நிறுத்த மாட்டார். டிரம்மின் உட்புறத்தில் நீலம் பாய்ந்திருக்கிறதா, மயிரிழை விரிசல்கள் ஓடுகின்றனவா என்று பார்ப்பார். லைனிங் கண்ணாடி மாதிரி பளபளக்கிறதா என்று விரலால் தடவுவார். பிறகு ஒருவரை பெடலை மிதிக்கச் சொல்லிவிட்டு, வண்டிக்கு அடியில் படுத்து, ஒவ்வொரு சக்கரத்திலும் தண்டு எவ்வளவு நீள்கிறது என்று ஸ்கேலை வைத்து அளப்பார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வைத்திருக்கிற அதே ஆறு அங்குல ஸ்கேல் போதும்.